மலை மேல உனக்கு இன்னா வேலை?

இந்தக் கேள்வியை ஒரே வாரத்தில் நான்கு பேர் என்னிடம் கேட்டார்கள். அம்மா கேட்டாள். இயக்கத் தோழர் ஒருவர் கேட்டார். மலையடிவார டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். திரும்பி வரும்போது ஒரு போலீஸ்காரர் கேட்டார். நான்கு பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: ‘சும்மா.’ நான்கு பேருமே நம்பவில்லை. ஒரு தலித் சும்மா ஓரிடத்துக்குப் போவான் என்று நம்பும் பழக்கம் இந்தச் சமூகத்துக்குக் கிடையாது. நம்மாளுங்களுக்கே கிடையாது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விஷயம் சின்னதுதான். போன மாசி மாதம் பௌர்ணமிக்கு முந்தின நாள், செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு மொட்டைப் பாறை மலையில் தனியாக ஏறி, உச்சியில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு மறுநாள் இறங்கி வந்தேன். காப்புக்காடு இல்லை, புறம்போக்குப் பாறை. ஒரு பக்கத்தைக் குவாரிக்காரர்கள் கடித்துத் தின்றது போக மிச்சம் நிற்கிற மலை. ஒரு தார்ப்பாய், ஒரு போர்வை, டார்ச் லைட், இரண்டு பாட்டில் தண்ணீர், வறுத்த வேர்க்கடலை, நாலு சப்பாத்தி. அவ்வளவுதான் மூட்டை. ஊர்ப் பேரை எழுதவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அம்மா. பீர்க்கன்கரணை பேரூராட்சியாக இருந்தபோதும், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் எங்கள் தெரு அதே தெருதான். மாடியில் நின்றால் தெற்கே வண்டலூர் மலை தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஒரு நாளும் அதன் மேல் நின்றதில்லை. அது காப்புக்காடு. 1985-ல் அங்கே உயிரியல் பூங்கா வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் புலியைப் பார்க்கலாம். மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுதான் நம் தலைவிதி என்று இருந்தவனுக்கு, முப்பது வயசுக்கு மேல் ஒரு மலை மேல் படுத்து எழ வேண்டும் என்று தோன்றியது.

‘ராத்திரில மலை மேல உனக்கு இன்னா வேலை? எவனாவது திருடன்னு சொல்லி மரத்துல கட்டி வச்சி அடிச்சா யாருடா கேப்பாங்க?’ என்றாள் அம்மா.

இது தாய்ப் பாசம் மட்டுமில்லை, வரலாற்று அறிவு. நமக்கு ராத்திரி என்றால் என்ன? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அதற்கும் பின்னால் போனால் திருநெல்வேலிச் சீமையில் புதிரை வண்ணாருக்குப் பகலே தடை செய்யப்பட்டிருந்தது. கண்ணில் பட்டாலே தீட்டு. அவர்கள் இருட்டில் வெளியே வந்து, துணியை வெளுத்துவிட்டு, விடிவதற்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒருவனுக்குப் பகல் கிடையாது. இன்னொருவனுக்கு ராத்திரி கிடையாது. நேரத்தையே பங்கு போட்டு வைத்தது சாதி. இடத்தைத்தான் சாதி பிரித்தது என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். கடிகாரத்தையும் பிரித்து வைத்திருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமும் இதற்குத் தோதாக வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒருவன் தன்னை மறைத்துக்கொண்டு நடமாடுகிறான், குற்றம் செய்யப் போகிறான் என்று நினைக்கக் காரணமிருந்தால் நன்னடத்தைக்குப் பிணை கேட்கலாம். 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. பழைய 109 புதுச் சட்டத்தில் 128 ஆகியிருக்கிறது. நம்பர்தான் மாறியது. ராத்திரியில் தார்ப்பாயும் டார்ச் லைட்டுமாகப் போகிற ஒருத்தன் சாகசக்காரனா சந்தேகக் கேஸா என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிப்பதில்லை. அவன் பேச்சு, நிறம், செருப்பு, அவனுக்காகப் போன் எடுக்கிற மாமா இருக்கிறாரா இல்லையா, இவைதான் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது, தோழர். மதிப்புக்குரியவர், இருபது வருஷமாகக் களத்தில் நிற்பவர். அவர் சொன்னார்: ‘பஞ்சமி நிலம் மீட்க ஆளில்ல, மலம் அள்ளுறவன் குழிக்குள்ள சாவுறான், நீ மலை மேல போய் காத்து வாங்கப் போறியா தோழர்? இது நடுத்தர வர்க்கச் சொகுசு.’

இந்தக் குரலைச் சும்மா விட முடியாது. இது நம் இயக்கங்களுக்குள் ஊறிப் போன ஒரு சிந்தனை. தலித் என்றால் பிணம், பசி, வழக்கு, நிவாரணம். துன்பப்படுகிறவனாக மட்டுமே அவன் அரசியலுக்குள் வரலாம். அவனுக்கு ஆசை, வேடிக்கை, தனிமை, ஊர் சுற்றல் எல்லாம் விடுதலைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலைப் போட்டது யார்? நம்மை உழைப்புக்கும் சாவுக்கும் மட்டுமே ஒதுக்கி வைத்தவன் போட்ட பட்டியல்தானே இது? அதை நாம் ஏன் போராட்ட நோட்டீஸில் திரும்ப அச்சடிக்க வேண்டும்?

பாபாசாகேப் என்ன செய்தார் என்று பாருங்கள். 1934-ல் அவரும் இயக்கத் தோழர்கள் ஏறக்குறைய முப்பது பேரும் சுற்றுலா போனார்கள். ஆமாம், ஊர் சுற்றிப் பார்க்கத்தான். எல்லோரா குகைகளைப் பார்ப்பது நோக்கம். வழியில் நிஜாம் ராஜ்ஜியத்துத் தௌலதாபாத் மலைக்கோட்டை. வழியெல்லாம் புழுதி. கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு குளம் நிரம்பிக் கிடந்தது. சிலர் முகம் கால் கழுவினார்கள். உடனே ஒரு பெரியவர், தீண்டத்தகாதவர்கள் குளத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். கூட்டம் கூடியது. வசவு. கடைசியில் கோட்டைக்குள் போக அனுமதி கிடைத்தது, ஆனால் உள்ளே எந்தத் தண்ணீரையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவனைக் கூடவே அனுப்பினார்கள். மதம் வேறாக இருந்தும் சாதி அந்த வாசலில் அப்படியே நின்றது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த மனிதர், வட்டமேசை மாநாட்டில் பேசிய மனிதர், ஒரு மலைக்கோட்டையைச் சுற்றிப் பார்க்கத் துப்பாக்கிக் காவலோடு போக வேண்டியிருந்தது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். சுற்றுலா சொகுசு என்று அவர் இதை எழுதாமல் விடவில்லை. ஊர் சுற்றக் கிளம்பினால்தான் சாதியின் எல்லைக் கற்கள் எங்கெங்கே நட்டிருக்கின்றன என்று தெரிகிறது. வீட்டிலேயே இருப்பவனுக்கு அவை தெரிவதில்லை.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமா? 1932 ஏப்ரல் 24. இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலம். பிரபுக்கள் காட்டுக்கோழி சுடுவதற்காகக் காவல் போட்டு அடைத்து வைத்திருந்த இடம். மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளி இளைஞர்கள் சில நூறு பேர் அத்துமீறி ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மேனுக்கு வயது 20. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை ஜெயில். ஆறு நாளும் ஆலைப் புகை குடிக்கிறவன் ஏழாம் நாள் மலைக் காற்றைக் குடிக்கக் கூடாதா என்பதுதான் அவர்கள் கேள்வி. அதன் தொடர்ச்சியாகத்தான் 2000-ல் மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமை அங்கே சட்டமானது. டார்ட்மூர் என்ற இடத்தில் கூடாரம் போட்டு ராத்தங்கும் உரிமையை எதிர்த்து நில உடைமையாளர்கள் வழக்காடினார்கள். 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மலையில் ஒரு ராத்திரி படுப்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை சண்டை போட்டிருக்கிறார்கள், தோழர். அதைச் சொகுசு என்று சொல்வீர்களா?

மூன்றாவது, மலையடிவாரம். கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, இறங்கி, ஆறு கிலோமீட்டர் நடந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு டீக்கடை. கண்ணாடி டம்ளரில் டீ. பெஞ்சில் நாலைந்து பேர்.

‘எங்கேர்ந்து வர்றீங்க தம்பி?’

‘தாம்பரம் பக்கம்.’

‘தாம்பரத்துல எங்க?’

‘பீர்க்கன்கரணை.’

‘அங்க நம்ம ஆளுங்க நெறைய இருக்காங்களே. நீங்க எந்தப் பக்கம்?’

இந்த ‘நம்ம ஆளுங்க’ என்ற கொக்கியை அறியாத தலித் தமிழ்நாட்டில் உண்டா? கல்லூரிக் காலத்தில் இந்தக் கொக்கிக்குத் தப்பிக்க நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். பெருங்களத்தூர் என்றிருக்கிறேன். வாடகை வீடு என்றிருக்கிறேன். அன்றைக்கும் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தனியாக இருக்கிறேன், இருட்டப் போகிறது, மலை மேல் படுக்கப் போகிறேன். ஆனாலும் சொன்னேன்: ‘காலனி.’

அடிக்கவில்லை, திட்டவில்லை. ‘வர்றீங்க’ என்பது ‘வர்ற’ ஆனது, ‘தம்பி’ என்பது ‘ப்பா’ ஆனது. கடைக்காரர் என் டம்ளரை வாங்கி மற்ற டம்ளர்களோடு வைக்காமல் ஓரமாகத் தனியே வைத்தார். பிறகு ஒருவர் கேட்டார்: ‘ஏம்ப்பா, ராத்திரில மலை மேல உனக்கு இன்னா வேலை?’ சும்மா என்றேன். ‘சரி, மேல ஒரு சுனை கீது. சாமித் தண்ணி. கை கால் வச்சிடாத.’

மலையில் ஏறாதே என்று சொல்லவில்லை. தண்ணீரைத் தொடாதே என்றார்கள். தௌலதாபாத்தில் சிப்பாய் தேவைப்பட்டது. இங்கே ஒரு வாக்கியம் போதும், அது என் கூடவே மலையேறும் என்று அவர்களுக்குத் தெரியும். ஏறியது. வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அந்த வாக்கியம் வந்துகொண்டேயிருந்தது.

உச்சியைப் பற்றி அழகாக எழுத எனக்கு வராது. பாறை வெயிலை விழுங்கி வைத்திருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் முதுகுக்குச் சூடு கொடுத்தது. கீழே நெடுஞ்சாலை வெளிச்சம் எறும்பு வரிசை மாதிரி ஊர்ந்தது. ஒரு பத்து மணி நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவனுக்கு இதன் பொருள் தெரியும். தனிமை என்பதும் ஒரு சொத்து. வீட்டில் தனி அறை உள்ளவன் அதோடு பிறக்கிறான். சேரியில் பிறந்தவனுக்கு அது கிடைப்பதில்லை. யாருடைய பார்வையும் மேலே விழாமல் ஒரு ராத்திரி நம் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அறிவதும் அரசியல் கல்விதான்.

ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்துபோனது. சுனை பத்தடி தூரத்தில் நிலா வெளிச்சத்தில் கிடந்தது. போய்க் குடித்தேன். குடிப்பதற்கு முன்னால் சுற்றிலும் திரும்பிப் பார்த்தேன். இதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளே இல்லாத மலை உச்சியில், ராத்திரி ஒரு மணிக்கு, எவனாவது பார்க்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன். 1927 மார்ச் 20-ல் மகாதில் பாபாசாகேப் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பட்டப்பகல், ஆயிரக்கணக்கானவர்கள் கூட நின்றார்கள். நான் இருட்டில் திருடன் மாதிரி குடித்தேன். தாகம் தீர்ந்தது. அவமானம் தீரவில்லை.

விடிந்ததும் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு ஆயா ஏறி வந்தாள். இந்த முறை அவள் பார்க்கிற மாதிரியே போய்க் குனிந்து குடித்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கோலை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னாள்: ‘குடி கண்ணு. நானும் சின்ன வயசுலேர்ந்து இதத்தான் குடிக்கிறேன். கீழ போயி சொல்லிக்கினு இருக்காத.’

அவளும் காலனிதான். அறுபது வருஷமாகச் சாமித் தண்ணியை அவளும் அவள் ஆடுகளும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். தீட்டுப்பட்டு மலை சரியவில்லை, சாமி ஓடிப் போகவில்லை. ஊர்க்காரர்கள் திருவிழாவுக்கு அதே தண்ணீரைத்தான் குடத்தில் எடுத்துப் போகிறார்கள். புனிதம் என்பது இவ்வளவுதான். ஆனால் ‘கீழ சொல்லாத’ என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. ஒளித்து அனுபவிக்கிற வரைக்கும் அது உரிமை ஆகாது. ஊர்ப் பேரை நான் எழுதாததும் அதனால்தான். எழுதினால் எனக்கு ஒன்றுமில்லை, நான் பீர்க்கன்கரணையில் இருப்பேன். உதை அந்த ஆயாவுக்கு. அந்தச் சுனையைப் பற்றி எப்போது வாய் திறப்பது என்பதை அந்தக் காலனிக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை நானும் ஒளிக்கிறேன். இது என் கட்டுரையில் உள்ள ஓட்டை. மூட என்னிடம் வழியில்லை.

நான்காவது, போலீஸ்காரர். பஸ் ஸ்டாப்பில் பையைக் கொட்டச் சொன்னார். தார்ப்பாய், போர்வை, டார்ச். ‘குவாரில ஒயர் திருட்டுப் போவுது. ராத்திரி மலை மேல உனக்கு இன்னா வேலை?’ வேலை பார்க்கும் இடத்து அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் போகச் சொன்னார். அட்டை இல்லாத என் சித்தப்பா மகனாக இருந்திருந்தால் ஸ்டேஷன்தான்.

குவாரி என்றதும் என் ஆயா ஞாபகம். அவள் பல்லாவரம் பக்கம் ஜல்லி உடைத்தவள். அந்த மலைக் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்த கல் இந்தப் பக்கத்துக் கல்தான் என்று சொல்லி, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதற்குச் சார்னோகைட் என்று பேர் வைத்தார். புதைக்கப்பட்டவன் பேர் கல்லுக்கு வந்தது. உடைத்தவர்கள் பேர் எதற்கும் வரவில்லை. அதே பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தார். கல்லை முதலில் செதுக்கிய மனிதன் முதல் என் ஆயா வரைக்கும் இந்த மலைகளில் உழைத்தவர்களுக்குக் கணக்கில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதற்குப் பிறகும் பரிதாபாத் கல் குவாரிகளின் கொத்தடிமைகளுக்காக 1983-ல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. மலையைச் சுமப்பதற்கு நம் தலை வேண்டும். மலை மேல் நிற்பதற்கு நம் கால் கூடாதா?

‘மலைக்கு ஏது ப்ரோ சாதி?’ என்று கேட்கிற மலையேற்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைக்குச் சாதி இல்லைதான். மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது, டீக்கடையில் இருக்கிறது, சுனையில் இருக்கிறது, இறங்கி வந்தால் பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. உங்களுக்குக் கண்ணில் படவில்லை என்றால், உங்கள் டம்ளரை யாரும் தனியே எடுத்து வைக்கவில்லை என்று அர்த்தம்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே காப்புக்காட்டுக்குள் புகுந்துவிட வேண்டாம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைக் கட்டணத்தோடு திறந்தது. பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களை வருஷம் ஒரு முறை இலவசமாக அழைத்துப் போ என்று நம் கோரிக்கைப் பட்டியல்களில் ஒரு வரி உண்டா? நாம் கேட்டோமா?

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி தெலங்கானாவில் இருக்கிறது. 2014 மே 25-ல் மாலாவத் பூர்ணா என்ற 13 வயதுப் பழங்குடிப் பெண்ணும், ஆனந்த் குமார் என்ற தலித் பையனும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். இருவரும் சமூக நல விடுதிப் பள்ளிப் பிள்ளைகள். புவனகிரிப் பாறையில் பயிற்சி எடுத்தவர்கள். புழுத்த அரிசிச் சோற்றுக்கும் ஒழுகுகிற கூரைக்கும் பேர் போனவை நம் விடுதிகள். அங்கே இருக்கிற பிள்ளையிடம், நீ மலை மேல் நிற்கப் பிறந்தவள் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சோற்றுக்கும் போராடுவோம், கூரைக்கும் போராடுவோம். அந்தப் போராட்டத்துக்கு நடுவில் இதையும் சொல்வோம்.

தனியாகப் போனது தப்பு என்று நான் நினைக்கவில்லை. மறுபடியும் தனியாகப் போவேன். அந்த ராத்திரி எனக்கு வேண்டும். ஆனால் சுனைக்கு மட்டும் தனியாகப் போகக் கூடாது. அங்கே பகலில் போக வேண்டும், கூட்டமாகப் போக வேண்டும், அந்த ஆயாவை முன்னால் விட்டுப் போக வேண்டும்.

அதுவரைக்கும், மலை மேல உனக்கு இன்னா வேலை என்று யார் கேட்டாலும், தோழர்களே, காரணம் சொல்லாதீர்கள். வேலையாகப் போனால்தான் விடுவான் என்றால் நாம் இன்னும் வேலைக்காரர்கள்தான். சும்மா என்று சொல்லுங்கள்.